ஆறாம் கட்டிலின் எண்

காலை ஒன்பது மணிக்கு லேப் கதவைத் திறந்ததும் ஸ்பிரிட் வாடை முகத்தில் அடித்தது. எல்லோரும் 'லேப் அக்கா' என்று கூப்பிடும் அவள், பையைக்கூட கீழே வைக்காமல் மெஷினைத் தட்டினாள். மாடியில், குழந்தைகள் ஐசியூவின் ஆறாம் கட்டிலில், அவள் தங்கை மகள் கிடக்கிறாள். மூன்று வயது. ரத்தத்தில் கிருமி ஏறி உடம்பெல்லாம் பரவிவிட்டது.

தினமும் அந்த ரத்தத்தில் புரோகால்சிடோனின் அளவு பார்ப்பது இவள் வேலை. கிருமி ஓங்கினால் அந்த எண் ஏறும், மருந்து கேட்டால் இறங்கும். முதல் நாள் முப்பத்தெட்டு. மறுநாள் பத்தொன்பது. இன்று ஏழு! போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. மாடிக்கு ஓடினாள்.

"நம்பர் இறங்குதுடி! இனி பயமில்ல."

தங்கை நிமிரவில்லை. "அப்புறம் ஏன்க்கா பாப்பா கை இப்படி சில்லுனு இருக்கு?"

தொட்டுப் பார்த்தாள். நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

டாக்டர் கையைப் பிசைந்தார். "ரிப்போர்ட் நல்லா இருக்கு, குழந்தை நல்லா இல்ல. எனக்கே புரியலம்மா."

அப்போதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. வார்டு நர்ஸ் ரத்தம் பிடித்த குழாயில் பெயர் எழுதவே மாட்டாள், 'பெட் 6' என்று கிறுக்கி அனுப்பிவிடுவாள். இதே கட்டிலில், இதே நோயோடு ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். சரியான வாயாடி. அவனுக்கு ரத்தம் எடுக்க இவளே போன நாட்களில், ஊசி குத்தும்போதும், "ஊசி ஆன்ட்டி, நம்பர் கொறஞ்சிருச்சா?" என்று கேட்பான். குறையவே இல்லை. திங்கட்கிழமை இறந்துபோனான்; மறுநாளே பாப்பா அந்தக் கட்டிலுக்கு வந்தாள். அவன் பதிவை மெஷினில் மூட வேண்டியவள் இவள்தான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள், பாவி.

கீழே வந்து திரையைப் பார்த்தாள். பாப்பாவின் மூன்று நாள் எண்களும் அவன் பதிவில் ஏறியிருந்தன.

பதிவு மாறினால் என்ன, ரத்தம் பாப்பாவுடையதுதானே? தன்னையே தேற்றிக்கொண்டு, பாப்பாவுக்குப் புதுப் பதிவு திறந்தாள். பையனுடையதை மூட பட்டனை அழுத்தினாள்.

'மூட முடியாது. நோயாளி சிகிச்சையில் இருக்கிறார்.'

மறுபடி அழுத்தினாள். அதே வரி.

போன் அடித்தது.

"அக்கா! பாப்பா கண்ண தொறந்துட்டா!"

ஒரே மூச்சில் படியேறினாள். குழந்தையின் கை வெதுவெதுப்பாக இருந்தது. கன்னத்தில் சிவப்பு ஏறியிருந்தது. பிறந்ததிலிருந்து 'பெரியம்மா' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் மெல்லத் திறந்தது.

"ஊசி ஆன்ட்டி, நம்பர் கொறஞ்சிருச்சா?"

அவள் பிடித்திருந்த கையைச் சட்டென்று விட்டாள்.

குழந்தை தங்கையை ஏற இறங்கப் பார்த்தது. "இவங்க யாரு? எங்கம்மா எங்க?"

"மயக்கத்துல ஒளர்றாக்கா," என்று தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது? டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தாள். "மருந்து வேலை செஞ்சிருக்கு. போய்த் தூங்குங்கம்மா," என்று தோளைத் தட்டினார். மூன்றே நாளில் எண் ஒன்றுக்கும் கீழே வந்தது. மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை, குழாய் எதுவும் வைக்காமலே, பாப்பாவுக்கு அவள் திறந்த புதுப் பதிவிலிருந்து மெஷின் ஒரு சீட்டைத் துப்பியது.

'பெட் 6. பெண். வயது 3.'

நாற்பது.

மாடிக்கு ஓடிப் பார்த்தாள். ஆறாம் கட்டிலில் வெள்ளை விரிப்பு மட்டும் இருந்தது. கை வைத்தாள். சில்லென்று இருந்தது.

அடுத்த நாள் எழுபது. இன்று நூற்றுப்பத்து.

மருந்து பெட்டி நிறைய இருக்கிறது. பாப்பாவின் உடம்பிலோ அந்தப் பையன் இருக்கிறான். இவள் யார் உடம்பில் ஏற்றுவாள்?