கல் தின்னும் குழி

"எங்க கொள்ளுத்தாத்தா போட்ட ஒரு அதட்டல்லதான், வானத்துலேருந்து வந்த இரும்புக் கட்டி ஒன்பது துண்டாச் சிதறிச்சு," என்றான் விவசாயி பிரீடிக். "இந்தக் குழியில கிடக்கிற துண்டு பசியில இருக்கு, ஐயா. வயல்ல பொறுக்கின கல்லை நாப்பது வருஷமா வண்டி வண்டியாக் கொட்டறோம். அத்தனையும் தின்னுட்டு இன்னும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கு."

குழியை ஆராய வந்திருந்த ஒஸ்வால்டுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. கையுறையைக் கழற்றாமலே உலகத்தை அறிந்தவன் அவன். இந்தச் சாரெமா தீவுக்காரர்களுக்குக் கறுப்பு ரொட்டியும் பொய்யும்தான் ஆகாரம் என்று படகிலேயே முடிவு கட்டிவிட்டான். அடியில் ஜிப்சம் கரைந்தது, மேலே மண் உள்வாங்கியது, அவ்வளவே. குழியின் அடியைத் தோண்டிக் காட்டி அப்படி எழுதிக் கொடுத்தால், தலைநகரில் சுரங்கத்துறை நாற்காலி அவனுக்கு.

"கல்லு தின்னுதாம். இந்தக் கதையை உன் குதிரைக்குச் சொல்லுய்யா, அது நம்பும்."

"அது உங்களைவிட விவரமானது, ஐயா, இங்க மேயவே வராது. என் மச்சான் கல்லு கொண்டாருவான். வண்டியைப் பின்பக்கமாத் தள்ளித்தான் கொட்டுவான், குழியை எட்டிப் பாக்கமாட்டான். காதும் கேக்காது. குதிரை மணி கேட்டதும் நீங்க மேல ஏறிடணும்."

பிரீடிக் விதைக்கப் போய்விட்டான்.

குழிக்குள் இறங்கி ஒஸ்வால்ட் திசைகாட்டியைத் திறந்தான். முள் வடக்கைப் பார்க்கவில்லை. முனையைக் கவிழ்த்துக்கொண்டு கீழே பார்த்தது. மட்டமான சரக்கு என்று மூடினான். குருவிச் சத்தம் விளிம்போடு நின்றுபோயிருந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் தண்ணீர் தெளித்த வாடை கல்லிடுக்குகளிலிருந்து எழுந்து நாக்கில் ஒட்டியது. ஏப்ரல் குளிரிலும் கற்கள் பசுவின் மடிபோல் வெதுவெதுவென்றிருக்க, அடியில் எங்கோ கல்லோடு கல் உரசும் ஓசை, யாரோ அவசரமில்லாமல் மெல்வதுபோல், விட்டு விட்டுக் கேட்டது.

எலி, என்று உதட்டைப் பிதுக்கினான். மண்வெட்டியை ஊன்றினான். அது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடுக்கில் இறங்கியது. விழுந்த சத்தம் வரவேயில்லை.

பின்வாங்கக் காலைத் தூக்கினான். கால் வரவில்லை.

பூட்ஸின் அடியில் ஆணிகள். அத்தனையும் இரும்பு. பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். இடுப்புவாரின் இரும்புக் கொக்கி அவனை இழுத்துக் கல்மேல் மண்டிபோட வைத்தது. கற்கள் விலகின. வழிவிட்டன. முழங்கால். இடுப்பு. மெதுவாக.

மேலே மணிச்சத்தம்.

கத்தினான். மறுபடி கத்தினான். விளிம்பில் வண்டியின் பின்புறம் வந்து நின்றது. பலகை திறந்தது. முதல் கல் உருண்டது.

"தின்னுது," என்றான் ஒஸ்வால்ட், மார்புவரை புதைந்து. "நீ சொன்னது நெசம்தான், பிரீடிக். வானத்துலேருந்து வந்ததுதான். தின்னுது."