தானாகத் தட்டிய வால்வு

வீட்டில் எல்லோரும் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து வயசு முடிந்துவிட்டது, இன்னும் பொடிசாம். ஆனால் காது மட்டும் பாம்புக் காது.

அம்மாவுக்குப் பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்க்கும் வேலை. முன்னறையில் சுவரோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கிய மேஜைதான் பட்டறை. ஆம்ப்ளிஃபயரில் செருகியிருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடானால் கங்கு போல மினுங்கும். ஒன்றைப் போட்டால் பாட்டு குழைந்து வரும். வேறொன்றைப் போட்டால் அதே பாட்டு விறைப்பாக நிற்கும்.

அன்று மத்தியானம் மழை மூட்டம். அறை இருண்டு கிடந்தது. அம்மா ஒவ்வொரு வால்வாகச் செருக, பொடிசு பென்சிலால் மெல்லத் தட்டிப் பார்த்தாள். நல்ல வால்வு கம்மென்று இருக்கும். கெட்ட வால்வு, தட்டியதைப் பிடித்து ஸ்பீக்கரில் 'ணங்' என்று திருப்பிச் சொல்லும். அது நேரே குப்பைக்குப் போகும்.

அம்மா ஏழாவது வால்வைச் செருகினாள். பொடிசு பென்சிலை எடுக்கக்கூட இல்லை.

ணங்... ணங்... ணங்.

"நான் தொடவே இல்லம்மா."

மறுபடியும் மூன்று. பிறகு யாரோ நகத்தால் பிறாண்டுவது போல ஒரு சத்தம்.

"பேயாம்மா?"

"பேய்க்கு வேற வேலை இல்லையா, என் மேஜையில வந்து உக்கார? வால்வு கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

அம்மா வேறு வால்வைப் போட்டாள். ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதி பொடிசை இன்னும் பயமுறுத்தியது.

கெட்ட வால்வு தானாகத் தட்டாதே, தட்டினால்தானே திருப்பிச் சொல்லும் என்று அவள் யோசித்தாள்.

"அம்மா, அந்தக் கெட்டதையே இன்னொரு தடவ போடேன்."

"எதுக்குடி?"

"அப்போ யாரோ தட்டறாங்க இல்ல? யாருன்னு பாக்கணும்."

அம்மா அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டுச் செருகினாள். சூடாகும்வரை இருவரும் ஸ்பீக்கரையே பார்த்து நின்றார்கள்.

ணங்... ணங்.

இந்த முறை இரண்டுதான், அதுவும் சன்னமாக. தட்டுகிறவர் களைத்துக்கொண்டிருந்தார். பொடிசு மேஜையை முடுக்கியிருந்த சுவரில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. விரல் முட்டியால் சுவரை மூன்று முறை தட்டினாள்.

அவள் தட்டியதும் ஸ்பீக்கரில் மூன்று 'ணங்' ஆகக் கேட்டது; அதன் பின்னாலேயே பதில் படபடவென்று வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தபால்கார மாமாவின் குளியலறை. அந்த வீட்டில் அவர் ஒண்டிக்கட்டை.

அம்மா செருப்புகூடப் போடாமல், ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக ஓடினாள். மாமா வீட்டு வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே பூட்டியிருந்த குளியலறைக் கதவோ அசைந்து கொடுக்கவில்லை. அம்மா பூட்டையே கழற்றினாள்.

மாமா ஈரத் தரையில் சுவரோரம் சாய்ந்து கிடந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. கையில் சோப்பு டப்பா. அம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய, பொடிசு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலையில வழுக்கி விழுந்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிடுச்சு," என்றார் மாமா. குரல் காற்றாக வந்தது. "அப்புறம் தட்டிட்டே இருந்தேன். யாருக்குமே கேக்கல. உனக்கு எப்படிம்மா கேட்டுச்சு?"

"எனக்கும் கேக்கல மாமா. குப்பைக்குப் போக இருந்த ஒரு வால்வுக்குத்தான் கேட்டுச்சு."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வண்டி வரும்வரை அவள் கையை அவர் விடவே இல்லை. பொடிசும் எடுத்துக்கொள்ளவில்லை.