தோள்மேல் ஒரு கை

ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பழைய வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது ஒரு நவம்பர் மதியம். போர் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. டிரெஸ்டனில் என் கணவர் ஓட்மாரின் படங்களை யாரும் சீந்தவில்லை. உடைந்த முகங்களைக் கோணல்மாணலாக வரைகிறவர்களுக்கே அங்கே காலம். இவரோ பழங்கால ஓவியர்களைப் போல மரப்பலகையில் மெல்லிய வண்ணத்தைப் பூச்சுமேல் பூச்சாக ஏற்றுகிறவர்.

மாடியில் ஓர் அலமாரிக் கதவு கழன்று கிடந்தது. பழைய ஓக் மரம், இனி வளையாது என்று அதையே எடுத்துக்கொண்டார். எங்கள் மகள் இர்மெலாவை உட்காரவைத்து வரைந்தார்.

முகம் உயிரோடு வந்தது. இரண்டாவது பூச்சு காய்ந்ததும் அவள் தோள்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கறை தெரிந்தது.

மறுநாள் அதற்கு விரல்கள் இருந்தன.

கத்தியால் சுரண்டினார். திரும்ப வந்தது.

இர்மெலா தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “அம்மா, அவங்க கை சில்லுனு இருக்கு. எடுக்கவே மாட்டேங்கறாங்க.”

எரித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவரும் பயந்துபோய்ப் பலகையைக் கீழே இறக்கினார். அந்த நேரம் பார்த்து ரூப்ரெக்ட் வந்தான். புதுப் பாணி ஓவியன். இவரை ‘மியூசியத்துப் பிணம்’ என்று கேலி செய்கிற பழைய நண்பன். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான்.

“இத்தனை வருஷத்துல நீ வரைஞ்சதுலயே உசத்தி அந்தக் கைதான்டா.”

குரலில் கேலி இல்லை. ஓட்மாரின் கண் கலங்கியது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் அத்தனை காலம் காத்திருந்தார்.

அதன்பிறகு கத்தியை எடுக்கவேயில்லை.

இர்மெலாவுக்குக் காய்ச்சல் கண்டது. நுரையீரல் என்றார் டாக்டர். நெருப்பாய்க் கொதித்த உடம்பில் தோள் மட்டும் பனிக்கட்டி. என் உள்ளங்கையை அதில் வைத்தே இருந்தேன். சூடு ஏறவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே புதைத்துவிட்டோம்.

வீடு திரும்பியதும் கோடாலியை அவர் கையில் கொடுத்தேன். ஓங்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அவ முகம் இனி இதுல மட்டும்தானே இருக்கு, ஹெட்டா.”

நானும் வாங்கி ஓங்கிப் பார்த்தேன். என்னாலும் முடியவில்லை.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தேன். படத்தில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்த இர்மெலா இப்போது தலையைத் திருப்பியிருந்தாள்.

அந்தக் கைக்குப் பின்னால் இருந்த இருட்டை அண்ணாந்து பார்த்து, யாரையோ நெடுநாள் தெரிந்தவள்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.