சாவி போட்டால் சாவு

போன் அலறியது.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த நர்ஸ் தூக்கிவாரிப் போட நிமிர்ந்தாள்.

காலை ஆறு நாற்பது. ஏழு மணிக்கு டியூட்டி. சாவியைத் திருகித் திருகி விரல் வலித்ததுதான் மிச்சம். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தது. இன்ஜினிலிருந்து மட்டும் ஒரு முனகல்கூட இல்லை.

போனில் அவள் கணவன்.

"கிளம்பிட்டியா?"

"இல்லைங்க... வண்டி இன்னிக்கும் ஸ்டார்ட் ஆகலை."

தான் டூரைப் பாதியில் விட்டுவிட்டுப் பத்து மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னான். அதுவரை வண்டியைத் தொட வேண்டாம் என்றான். மெக்கானிக் எவனையும் கூப்பிட்டுவிடாதே, அரைகுறையாக நோண்டிவிடுவான்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அழுத்திச் சொல்லிவிட்டு வைத்தான்.

ஆறு வாரத்தில் இது ஐந்தாவது தடவை.

ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். காலையில் பிணம் மாதிரி கிடக்கும் வண்டி, சாயங்காலம் அவன் வந்து பத்து நிமிஷம் அதன் அடியில் படுத்து எழுந்தால் ஒரே திருகலில் கிளம்பிவிடும். என்ன கோளாறு என்று கேட்டால் சிரிப்பான்.

ஆனால் இன்று அவள் பயந்ததற்குக் காரணம் வேறு.

இன்று விடியற்காலை, ஐந்து மணிக்குக் கணவன் கிளம்பிப் போய் அரை மணி நேரம் கழித்து, குளியலறையில் இருந்தபோது ஒரு சத்தம் கேட்டது.

டப்...

கார் பானட்டை யாரோ மெதுவாக மூடும் சத்தம்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். காரை ஒட்டி ஓர் உருவம். தலையோடு போர்த்திய சாம்பல் நிறச் சால்வை. காலை இழுத்து இழுத்து நடந்து வீட்டுக்குள் வந்தது அது.

அந்தச் சால்வை மாமியாருடையது!

நர்ஸ் காருக்குள்ளிருந்தபடியே தலையைத் திருப்பினாள். கூடத்து ஜன்னலில் திரை லேசாக விலகியிருந்தது. இடுக்கில் இரண்டு கண்கள். அவள் பார்த்ததும் திரை மூடிக்கொண்டது.

கார்க் கதவுகளை உள்ளே பூட்டிக்கொண்டாள்.

மேட்டின் உச்சியில் இருக்கும் ஒற்றை வீடு. கேட்டைத் தாண்டியதும் சாலை செங்குத்தாக இறங்கி, ஏழு வளைவு வளைந்து கீழே ஆஸ்பத்திரி வாசலில்தான் போய் நிற்கும். கத்தினால் கேட்பதற்கு அக்கம்பக்கத்தில் யாரும் கிடையாது. கல்யாணமாகி வந்த நான்கு வருஷத்தில் அவளிடம் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியிராத மாமியார்... வீட்டுக்குள் தனியாக.

கணவன் பேச்சை முதல் தடவையாக மீறினாள். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவரை அழைத்தாள். காதிடுக்கில் எப்போதும் ஒரு டெஸ்டரைச் செருகியிருப்பதால் அவருக்கு டெஸ்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"அண்ணே... கொஞ்சம் வீடு வரைக்கும் வர முடியுமா? ஹாரன் அடிக்காம வாங்க."

"ஏன் சிஸ்டர் ரகசியமாப் பேசறீங்க?"

"வாங்கண்ணே... ப்ளீஸ்."

இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஐம்பது வயது. ஒல்லி. பேசுவதற்கு முன் பார்க்கிற ரகம். சாவியைத் திருகச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். ஹாரனை லேசாகத் தொடச் சொன்னார்.

பேட்டரி கெட்டிருந்தால் விளக்கு மங்கும், டிக் டிக்கென்று சத்தம் வரும் என்றார். ஸ்டார்ட்டர் மோட்டார் கெட்டிருந்தால் ஒரு தட்டலாவது கேட்கும். இங்கே இரண்டும் இல்லை. சாவி கொடுக்கிற உத்தரவு மோட்டாருக்குப் போய்ச் சேரவே இல்லை. நடுவில் எங்கேயோ அறுந்திருக்கிறது.

"இதுவரைக்கும் எப்பெப்போ இப்படி ஆச்சு? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தாள். எல்லாம் காலை நேரம். எல்லாம் வீட்டில். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. மழை பெய்த நாளும் உண்டு, காய்ந்த நாளும் உண்டு. அப்புறம்...

"அஞ்சு தடவையும் அவர் டூர் போன நாள்ணே."

டெஸ்டர் நிமிர்ந்தார்.

"ஒயரு சூட்டுக்குப் போகும். ஈரத்துக்குப் போகும். ஆட்டத்துக்குப் போகும். டூர் புரோகிராம் பார்த்துப் போற ஒயரை நான் இன்னும் பார்த்ததில்ல சிஸ்டர்."

பானட்டைத் தூக்கினார். ஓரத்தில் இருந்த கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே தீப்பெட்டி அளவில் சின்னச் சின்ன ரிலேக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றின் மேலும் தூசி.

ஓர் இடம் மட்டும் காலி.

"ஸ்டார்ட்டர் ரிலே. இது இல்லாம சாவி வெறும் இரும்புத் துண்டுதான். கழண்டு விழற சாமான் இல்ல இது. யாரோ பிடுங்கியிருக்காங்க." குனிந்து முகர்ந்து பார்த்தார். "வலி தைலம் வாசனை அடிக்குது. வீட்ல யாருக்காவது மூட்டு வலியா?"

நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஹாரனுக்கும் இதற்கும் ஒரே மாதிரி ரிலேதான் என்று சொல்லி ஹாரன் ரிலேயை உருவிக் காலி இடத்தில் அழுத்தினார். அவள் சாவியைத் திருகினாள்.

உறுமிக்கொண்டு கிளம்பியது இன்ஜின்!

பானட்டை மூடிவிட்டு, இரண்டு நிமிஷம் பொறுங்கள், ரிலேயைத் தொட்ட கை வேறு எதையெல்லாம் தொட்டதோ, அடியிலும் ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன் என்றார் டெஸ்டர். ஆனால் நர்ஸின் காதில் அது ஏறவே இல்லை. கூடத்துக் கதவின் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டுவிட்டது. மாமியார் வெளியே வருகிறாள். இங்கிருந்து ஓடிவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். கியரைப் போட்டாள். கார் கேட்டை நோக்கி நகர்ந்தது.

அப்போது...

சாம்பல் சால்வை காற்றில் பறக்க, நடக்கவே திணறுகிற அந்தம்மாள் ஓடி வந்து கேட்டுக்குக் குறுக்கே நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள்.

நர்ஸ் பிரேக்கை மிதித்தாள்.

பெடல் சேற்றில் கால் வைத்ததுபோல இறங்கியது. தரையைத் தொட்டது. கார் நிற்கவில்லை!

மறுபடி மிதித்தாள். மறுபடி. கார் உருண்டது. கண்ணாடிக்கு நேரே மாமியாரின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் நகரவில்லை.

"ஹேண்ட்பிரேக்கை இழுங்க சிஸ்டர்!"

இழுத்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள். டயர் கிறீச்சிட்டது. மாமியாரின் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது.

மாமியாருக்குப் பின்னால்தான் சாலை செங்குத்தாக இறங்கியது.

மாமியார் இறுக மூடியிருந்த வலது கையைத் திறந்தாள். உள்ளங்கையில் ஒரு ரிலே.

டெஸ்டர் தரையில் படுத்து டார்ச் அடித்தார். எழுந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. நாலு சக்கரத்திலும் பிரேக் ஆயில் திருகு தளர்த்தப்பட்டிருக்கிறது என்றார். ஆயில் சொட்டியிருக்கிறது. திருகைச் சுற்றிப் பழைய ஸ்பேனர் தடங்களும் இருக்கின்றன. பலமுறை தளர்த்தி, பலமுறை இறுக்கிய தடம்.

"யாரு அத்தை?" நர்ஸின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நீங்களா?"

மாமியார் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன்தான்மா. நான் பெத்தவன்."

பிறகு சொன்னாள். மகன் யாரோ ஒருத்தியிடம் போனில், இன்னும் கொஞ்ச நாளில் நான் தனி ஆள் என்று கொஞ்சியதைக் கேட்டிருக்கிறாள். அடுத்த டூர் நாள் விடியற்காலை, அவன் காருக்கு அடியில் ஸ்பேனரோடு படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறாள். பஸ் டிப்போ ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷம் உதிரி பாகங்கள் எடுத்துக் கொடுத்தவள். எதைப் பிடுங்கினால் வண்டி நகராது என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் மகன் வருவதற்குள் ரிலேயைத் திரும்பச் செருகிவிடுவாள். விபத்து நடக்காத ஏமாற்றத்தில், யாரும் பார்ப்பதற்குள் அவன் திருகுகளை இறுக்கிவிடுவான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை..."

"மகனைக் காட்டிக் குடுக்க வாய் வரலை. உன்னைச் சாக விடவும் மனசு வரலை. நடுவுல வண்டி இருந்துச்சு. அதைச் சாகடிச்சேன்."

நர்ஸ் அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்து தடவை... ஐந்து தடவை அவன் அவளைக் கொன்றிருக்கிறான். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் வந்து காபி கேட்டிருக்கிறான்.

டெஸ்டர் போனை எடுத்தார். போலீஸ் இன்ஸ்பெக்டரின் ஜீப்புக்கு வேலை செய்பவரும் அவர்தான்.

இன்ஸ்பெக்டர் அம்மா எட்டரைக்கு வந்துவிட்டார். ஜீப்பை வீட்டுக்குப் பின்னால் சந்தில் நிறுத்தச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். திருகு தானாகத் தளர்ந்தது, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சாதித்துவிடுவான் என்றார். அவன் வாயிலிருந்தே வர வேண்டும். டெஸ்டர் பிரேக்கைச் சரிசெய்து புது ஆயில் நிரப்பட்டும். அது அவனுக்குத் தெரியக் கூடாது. ட்ரயல் ஓட்டிப் பாருங்கள் என்று சாவியை அவன் கையிலேயே கொடுக்கலாம். ஓட்ட மறுத்தால் ஏன் என்று கேட்கலாம்.

பத்தடிக்க ஐந்து நிமிஷம். தரையில் சொட்டியிருந்த ஆயிலைக் கழுவித் துடைத்தாயிற்று. இன்ஸ்பெக்டர் சமையலறைக் கதவுக்குப் பின்னால். டாக்ஸி ஒன்று மேடேறி வந்து நின்றது.

கணவன் இறங்கினான். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைப் பார்த்தான். டெஸ்டரைப் பார்த்தான்.

"நீ யாரு?"

"மெக்கானிக் சார். ஒரு ரிலே மக்கர் பண்ணிச்சு. சரி பண்ணிட்டேன்."

"வேற எதையாவது தொட்டியா?"

"வேற எதுக்கு சார் தொடணும்? வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னாங்க. இப்போ ஆகுது."

கணவனின் தோள்கள் தளர்ந்தன. நர்ஸ் அதைப் பார்த்தாள். பிரேக்கை யாரும் தொடவில்லை என்ற நிம்மதி அது.

டெஸ்டர் இன்ஜினை அணைத்துச் சாவியை நீட்டி, கீழே ஆஸ்பத்திரி வரை நீங்களே ஒரு ட்ரயல் பார்த்துவிடுங்கள் என்றார்.

கணவன் சாவியை வாங்கிக்கொண்டான். சிரித்தான். அதை மனைவியின் கையில் வைத்தான்.

"எனக்குத் தலைவலி. உனக்குத்தான் டியூட்டிக்கு லேட்டாயிடுச்சே. நீயே எடுத்துட்டுப் போ."

போட்ட திட்டம் பிசகிவிட்டது. நர்ஸ் சமையலறைப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பல்லைக் கடித்தாள். பிரேக் நன்றாக இருக்கிறது, டெஸ்டர் அவள் கண்ணெதிரே மிதித்துக் காட்டியிருக்கிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஏறினாள். இப்போதாவது தடுப்பான்... ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை...

அவன் குனிந்து, அவள் துப்பட்டா நுனி மாட்டிக்கொள்ளாமல் எடுத்து உள்ளே விட்டான். கதவைப் பதமாகச் சாத்தினான்.

"பாத்துப் போ."

நான்கு வருஷம் அந்தச் சத்தத்தோடு மூடிக்கொண்டது.

அப்போதுதான் யாருமே எதிர்பார்க்காத காரியம் நடந்தது. பின்கதவு திறந்தது. மாமியார் முக்கி முனகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா... நீ எங்கே?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். முட்டியைக் காட்டணும். நீ எடும்மா."

"இன்னொரு நாள் போலாம். இறங்கு."

"இன்னொரு நாள் யாரு கூட்டிட்டுப் போவா? எடும்மா வண்டியை."

நர்ஸ் சாவியைத் திருகிக் கியரைப் போட்டாள். கார் கேட்டை நோக்கி உருண்டது. கணவன் கூடவே நடந்தான். பிறகு ஓடினான். பின்கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். அது உள்ளே பூட்டியிருந்தது. கண்ணாடிக்குள் அம்மா நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முன்சக்கரம் கேட்டைத் தொட்டது.

"நிறுத்து! அம்மா இறங்கு! அதுல பிரேக் இல்ல!"

நர்ஸ் பிரேக்கை மிதித்தாள்.

கார் கச்சிதமாக நின்றது.

அவன் கை கதவின் கைப்பிடியிலேயே இருந்தது.

"பிரேக் இருக்கே சார்." சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு இன்ஸ்பெக்டர் வந்தார். "இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் கொட்டிவிட்டான்.

மாமியாரால் காரைவிட்டு இறங்க முடியவில்லை. ஓடிய ஓட்டத்தில் முழங்கால் வீங்கிவிட்டிருந்தது. நர்ஸ் அவள் கைக்கு அடியில் தோளைக் கொடுத்து, வார்டில் நோயாளிகளைத் தூக்குவதுபோல மெல்லத் தூக்கி நிறுத்தினாள். கிழவியின் கண் கேட்டைத் தாண்டிப் போகும் மகன் மேலேயே இருந்தது. அழவில்லை. நர்ஸின் தோளை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள். நர்ஸும் விடவில்லை.

பின்சந்தில் அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். டிரைவர் கான்ஸ்டபிள் சாவியைத் திருகினார்.

டிக்... டிக்... டிக்...

அவ்வளவுதான்.

டெஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேட்டரியை மாத்துங்க மேடம்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்..."

"எதுக்குய்யா மாத்தணும்? தள்ளத்தான் வாரத்துக்கு ஒருத்தர் கிடைக்கறாங்களே." இன்ஸ்பெக்டர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "இறங்குங்க சார்... எங்க வண்டியில பிரேக்கெல்லாம் நல்லா இருக்கு. பயப்படாம தள்ளுங்க."