412 யாருடைய நம்பர்?

“ஐயோ... அப்பா!”

மகள் ராயம்மாளின் அலறலில் ஆஸ்பத்திரியே அதிர்ந்தது.

1988. பகல் பதினொரு மணி.

வயிற்றுப்புண் ஆபரேஷனுக்குக் காலையில் வந்து சேர்ந்த யாகப்பன், கட்டிலில் பிணமாகக் கிடந்தார். ஓ குரூப் உடம்பில் பி குரூப் ரத்தம்!

இன்ஸ்பெக்டர் காளியப்பன் இரண்டு சீட்டுகளைக் கம்ப்யூட்டர் அருகே வீசினார்.

“ஏம்மா ஷகிலா, ப்ரோக்ராம் எழுதுனது நீதானே? யாகப்பன் சீட்டுல 412. தாவூதுன்னு இன்னொரு நோயாளி... அவரு சீட்டுலயும் 412! நம்பரைப் பாத்துத்தான் ரத்தம் குடுக்கறாங்க. தாவூது பாட்டில் இவருக்கு ஏறிருச்சு!”

ஷகிலா இரண்டு சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தாள்.

“என் தப்புதாங்க சார்...”

“அடேங்கப்பா! அடிக்காமலே ஒத்துக்கறியே!”

“பேரைப் பதிஞ்சதும் கம்ப்யூட்டரே நம்பர் போட்டுக்கும். அதைத் திருப்பிக் கேட்டுச் சீட்டுல அடிக்கணும். நான் ‘கடைசி நம்பர் என்ன?’ன்னு கேக்கற மாதிரி எழுதிட்டேன். அதுக்குள்ள பக்கத்து கவுண்டர்ல இன்னொருத்தரைப் பதிஞ்சுட்டா... கடைசி நம்பர் அவங்களோடது!”

“அதாவது, உன் புள்ள எங்கேன்னு கேக்காம, ஊர்ல கடைசியாப் பொறந்த புள்ளையத் தூக்கிட்டு வந்திருக்கே!”

“கொலைகாரி!” பாய்ந்து வந்தான் சவுரியப்பன். ஒன்றாம் கவுண்டர் கிளார்க். செத்தவரின் மருமகன். “எங்க மாமாவைக் கொன்னுட்டியேடி! இவளை ஜெயில்ல போடுங்க சார்!”

ஜெயில்! இருபத்து மூன்று வயதில்...

ஷகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு நிமிசங்க சார். இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி ஆச்சான்னு பாத்துடறேன். அழிச்ச பேருங்களையும் சேத்து.”

“அழிச்சது எப்படிம்மா இருக்கும்?”

“நாமளா சுத்தம் பண்ற வரைக்கும் இருக்குங்க. அழிச்சதா ஒரு குறி மட்டும்தான் விழும்.”

சவுரியப்பனின் முகம் வெளுத்தது.

திரையில் வரிசை ஓடியது. யாகப்பன்... யாகப்பன்... யாகப்பன்...

பதினேழு தடவை!

“சார்! இவரு இன்னிக்குத்தான் அட்மிட் ஆனாரு. பத்து நாளா இவரு பேரைப் பதிஞ்சு பதிஞ்சு அழிச்சிருக்காங்க... ரெண்டு சீட்டுல ஒரே நம்பர் விழுதான்னு ஒத்திகை! எல்லாமே ஒண்ணாம் கவுண்டர்ல!”

சவுரியப்பன் வாசலுக்கு ஓடினான். கான்ஸ்டபிள் காலை நீட்டினார். விழுந்தான்.

“மாமா கடத்தூர் நெலத்தைப் பூராவும் சர்ச்சுக்கு எழுதறேன்னாரு சார்! எங்களுக்கு ஒரு சென்ட் கூட...”

விலங்கு மாட்டினார் காளியப்பன். “சரி, முடிஞ்சுது.”

“முடியலீங்க சார்.” ஷகிலா திரையைக் காட்டினாள். “ஒவ்வொரு யாகப்பனுக்கும் அடுத்த நொடியே ரெண்டாம் கவுண்டர்ல ஒரு பொய்ப் பேரு பதிஞ்சிருக்குது. இன்னிக்கு மட்டும் நெசமான நோயாளி, தாவூது. ஒத்தை ஆளால ஆகற காரியமில்லீங்க.”

“ரெண்டாம் கவுண்டர்ல யாரு?”

“இந்தச் சவுரியப்பன் சம்சாரம்தான். செத்தவரு மக, ராயம்மாக்கா.”

கட்டிலருகே கேட்டுக்கொண்டிருந்த அழுகை, குழாயை மூடியது போல் நின்றது.

ஆஸ்பத்திரி முதலாளி டாக்டர் மாரப்பன் ஷகிலாவிடம் சீறினார்.

“நாளைலருந்து நீ வர வேணாம்! இத்தனை பெரிய தப்பை ஏன் திருத்தலை?”

“மூணு தடவை எழுதிக் குடுத்தேன் டாக்டர். ‘நம்ம தர்மபுரியில ரெண்டு பேரு ஒரே நேரத்துல எங்க வரப்போறாங்க’ன்னு சிரிச்சீங்க.”

காளியப்பன் இரண்டாவது விலங்கை எடுத்தார்.

“வந்துட்டாங்களே டாக்டர்... தாலி கட்டி, ஜோடியா!”