மோர்ச் சொம்பு

காலை 10.40. மேசை மேலிருந்த கொடுவாளைக் காணோம்.

ஏட்டு தசரதன் கழுத்தை இடப்பக்கம் முழுக்கத் திருப்பிப் பார்த்தார். மேசையின் இடது ஓரத்தில் சாக்குத் துண்டு மட்டும் கிடந்தது.

ஜவ்வாது மலையில் இருந்த அந்தப் புறக்காவல் நிலையம் மொத்தமே ஒரு அறைதான். சந்தன மரம் வெட்டியவன் தப்பி ஓடும்போது போட்டுவிட்டுப் போன கொடுவாள் அது. பிடியில் பித்தளைக் கம்பி சுற்றியிருக்கும். அதை அடித்துக் கொடுத்த ஆசாரியை ஆலங்காயத்தில் பிடித்து, பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் கூட்டி வருகிறார். ஆசாரி பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். "அதுவரைக்கும் காவல் நீதான்யா. இதுகூட முடியலன்னா வூட்டுக்குப் போயிடு" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

சொன்னதில் தப்பில்லை. போன ஐப்பசியில், 1981-ல், அமிர்தி வளைவில் ஜீப் உருண்டு தசரதனுக்கு மண்டை உடைந்தது. கண் இரண்டும் பழுதில்லை, அடி மூளையில். எந்தக் கண்ணால் பார்த்தாலும் இடது பாதி மட்டும் கிடையாது. இருட்டாகவாவது தெரியுமா என்றால், அதுவும் இல்லை. "போன பார்வை வராது. கழுத்தைத்தான் பழக்கணும்" என்றார் வேலூர் டாக்டர்.

மனைவி ஜெயம்மாள் ஐந்து மாதமாகப் பழக்கினாள். முறத்தில் புளியங்கொட்டையைப் பரப்பி, நடுவே பத்துக் குன்றிமணியைப் போட்டுத் தேடச் சொல்வாள். ஒன்பதுவரை எடுத்துவிட்டார் மனுஷன். அந்தப் பத்தாவதுதான் கண்ணில் படவே மாட்டேன் என்றது. சோறு தண்ணீர் எதுவானாலும் இடப்பக்கம் வைத்தால்தான் கழுத்து திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று காலை களி கொண்டுவந்தபோதுகூட, கொடுவாளை நகர்த்திவிட்டு இடப்பக்கம்தான் வைத்தாள்.

10.50. வலது கையருகே இருந்த சொம்பை எடுத்து மீதி மோரைக் குடித்தார். பத்து மணிக்குக் கொடுவாள் இருந்தது. அதன்பின் வந்தவர்கள் மூன்றே பேர்: தரை கூட்ட வந்த மங்கம்மாள், சாவி எடுக்க வந்த கான்ஸ்டபிள் வடிவேலு, மோர் கொண்டுவந்த ஜெயம்மாள். கட்டிய பெண்டாட்டியை யாராவது சந்தேகப்படுவார்களா?

முதலில் வடிவேலுவைக் கூப்பிட்டார்.

"எனக்கு இன்னா கொறைன்னு தெரியுமா உனக்கு?"

"இடது கண்ணு போச்சுங்க ஏட்டய்யா. ஊருக்கே தெரியுமே."

"வலது கண்ணு?"

"அதுதான் கழுகாட்டம் பாக்குதே!"

மங்கம்மாளும் அதையேதான் சொன்னாள். "ஒத்தக் கண்ணு போனா இன்னாங்க? இன்னொண்ணு முழிச்சிக்கினுதானே கீது! அதுக்குப் பயந்துக்கினு மூலைமுடுக்கு விடாம கூட்டுனேன்."

இரண்டு பேரையும் போகச் சொல்லிவிட்டு யோசித்தார். ஒரு கண்தான் போயிற்று என்று நம்புகிறவர்கள், மற்றக் கண் பார்க்கும் என்றுதானே பயப்படுவார்கள்? எதிரில் உட்கார்ந்திருப்பவனிடமிருந்து பொருளை எடுக்கக் கை வராது. எடுத்தவருக்கு, இரண்டு கண்ணிலும் இடது பாதி தெரியாது என்ற உண்மை தெரியும். இந்த மலையில் அது யாருக்குத் தெரியும்?

அவர் கண் சொம்பின் மேல் விழுந்தது. அது வலப்பக்கம் இருந்தது.

11.30. ஜெயம்மாள் சொம்பு எடுக்க வந்தாள்.

"மோரை ஏன் வலப்பக்கம் வெச்ச?"

அவள் சொம்பை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு மாசத்துல ஒரு நாளும் நீ அப்படி வெச்சதில்ல. நான் இடப்பக்கம் திரும்பிடக் கூடாதுன்னு வெச்ச. நான் குடிக்கசொல்ல எடுத்து முந்தானையில சுத்திக்கின. எனக்கு எது தெரியாதுன்னு தெரிஞ்சவ நீ ஒருத்திதான் ஜெயம்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "என் தம்பி சின்னராசோடதுங்க. அந்தக் கம்பி எங்கப்பா சுத்துனது. காலைல கையில எடுத்தவுடனே தெரிஞ்சிப்போச்சு. ஓடை மடுவுல போட்டுட்டேன்."

"என் வேலை போயிடும்னு தெரியாதா?"

"அது எப்படியும் நிக்காதுன்னு டாக்டரு எங்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டாருங்க. உங்களாண்ட சொல்ல எனக்கு வாய் வரல."

தசரதனுக்குப் புரியவில்லை. அப்படியென்றால் அந்த முறம், அந்தக் குன்றிமணி எல்லாம் எதற்கு?

12.05. ஜீப் வந்தது. ஆசாரி வெளியிலேயே நின்றார். இன்ஸ்பெக்டர் வெறும் சாக்கைப் பார்த்தார்.

"கொடுவாள் எங்கய்யா?"

ஜெயம்மாள் இடப்பக்கம் எங்கோ நின்றிருந்தாள். அவர் கழுத்தைத் திருப்பவில்லை.

"இடப்பக்கம் வெச்சிருந்தேங்க ஐயா. யார் எடுத்தாங்கன்னு தெரியல."

இன்ஸ்பெக்டர் திட்டக்கூட இல்லை. "தொப்பியையும் பெல்ட்டையும் வெச்சிட்டுப் போய்யா" என்றார்.

மதியம் 1.30. வீட்டில் ஜெயம்மாள் தட்டைப் பழக்கப்படி இடப்பக்கம் வைத்தாள். தசரதன் எழுந்து போய் முறத்தைத் தேடி எடுத்து, கொட்டைகளைக் குன்றிமணியோடு சேர்த்து வாசலில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இனிமே சோத்தை வலப்பக்கமே வையி" என்றார்.