முதல் நாற்காலி

இசைப்பள்ளியின் மாடிக்கு அவள் சாவியோடு ஏறி வந்தபோது பிற்பகல் வெயில் வராந்தா முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. பேய் பிசாசுக்கு ஏற்ற நேரமே இல்லை அது. கீழே ஏதோ ஒரு குழந்தை பியானோவில் ஒரே வரியைத் தப்புத் தப்பாக அடித்துக்கொண்டிருந்தது. கடைசி அறையைத் திறந்தாள். மூடிக்கிடந்த அறையின் புழுக்கத்தோடு இருமல் மிட்டாயின் நெடியும் மூக்கில் ஏறியது. அந்த மிட்டாயை இங்கே ஓயாமல் சப்பிக்கொண்டிருந்தவள் செத்து ஆறு மாதம் ஆகிறது.

ஜன்னலைத் திறந்துவிட்டாள். நெடி போகவில்லை.

செத்தவளைப் பெரியவள் என்றும் இவளைச் சின்னவள் என்றும்தான் இசைக்குழுவில் கூப்பிடுவார்கள். அக்கா தங்கை ஒன்றும் இல்லை. பெரியவள் முதல் கிளாரினெட், இவள் இரண்டாவது, அவ்வளவுதான். வயதைப் பார்த்தால் சின்னவள்தான் மூத்தவள். அதெல்லாம் யாருக்கு வேண்டும்? பெரியவள் தனியாக வாசிக்கும் இடம் வந்தால் இவள் கருவியை இறக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கைதட்டல் முழுவதும் அந்த நாற்காலிக்குப் போகும். பொறாமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அத்தனை வருஷம் எரிந்த வயிற்றில் ஓர் ஊருக்கே சோறு பொங்கியிருக்கலாம்.

இப்போது முதல் நாற்காலி காலி. பெரியவள் பாடம் நடத்திய இந்த அறையும் அதோடு சேர்ந்து வந்தது. ஆனால் எல்லாம் தற்காலிகம். கையில் குச்சியோடு முன்னால் நின்று குழுவை நடத்துகிறவர், முதுகுக்குப் பின்னால் எல்லோரும் குச்சிக்காரர் என்று கூப்பிடுகிறவர், முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"சுத்தமா வாசிக்கிறீங்கம்மா, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா சத்தத்துல ஆள் இல்ல. ஞாயித்துக்கிழமை கச்சேரி வரைக்கும் பாப்போம். சரிவரலைன்னா வெளியிலேருந்து ஒருத்தரைக் கொண்டுவர வேண்டியதுதான்."

கச்சேரியின் நடுவில் கிளாரினெட்டுக்கு நீளமான தனி வாசிப்பு இருந்தது. அதில் தேறினால் நாற்காலி அவளுக்கு. தேறாவிட்டால் இலவு காத்த கிளிதான்.

முதல் பாடத்துக்கு வந்தவள் பெரியவளின் செல்ல மாணவி, கல்லூரி முடித்த பெண். சின்னவள் ஒரு வரியை வாசித்துக் காட்டினாள். அந்தப் பெண் தலையாட்டினாள், ஆனால் கண் எங்கேயோ இருந்தது.

"என்னம்மா, புரியலையா?"

"புரியுது டீச்சர். இந்த இடத்தைப் பெரிய டீச்சர் வாசிச்சா எனக்கு அழுகை வரும். அதான். தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் ஏன் எடுத்துக்கப்போறேன்" என்றாள் சின்னவள். வாய் அப்படிச் சொன்னது. வயிறு எடுத்துக்கொண்டுவிட்டது.

பாடம் முடிந்து அந்தப் பெண் வெளியே போனதும் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். பெரியவளின் சீவாளிப் பெட்டி உள்ளே இருந்தது.

கிளாரினெட்டுக்கு உயிரே சீவாளியில்தான் இருக்கிறது. நாணலைச் சீவிச் செய்த மெல்லிய தட்டை அது. எச்சில் ஈரத்தில் ஊறி, மூச்சில் அதிரும். பெரியவள் கடைச் சீவாளியைத் தொடமாட்டாள், தன் கையாலேயே சீவிக்கொள்வாள். ஒருத்தர் வாய் வைத்ததை இன்னொருத்தர் வாயில் வைக்கக் கூடாது என்பது ஊதுகிறவர்களுக்கு முதல் பாடம். அவசரத்துக்குப் பல் விளக்கும் பிரஷ்ஷைக்கூட இரவல் வாங்குவார்கள், சீவாளியை வாங்க மாட்டார்கள். சின்னவளே எத்தனையோ பிள்ளைகளை இதற்காக வைது தீர்த்திருக்கிறாள்.

தெரிந்தேதான் ஒன்றை எடுத்தாள்.

"உன் பவிசெல்லாம் இந்தத் தட்டையிலதான இருந்துச்சு? நானும் பாக்குறேன்" என்று செத்தவளிடம் வாய்விட்டே சொன்னாள்.

கருவியில் கட்டுவதற்கு முன்னால் சீவாளியை வாயில் வைத்து நனைக்க வேண்டும். நாக்கில் வைத்தாள்.

அது ஏற்கெனவே நனைந்திருந்தது.

ஆறு மாதம் பூட்டிய அறையில் கிடந்த நாணல் அது. இப்போதுதான் யாரோ தன் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்ததுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. கட்டினாள், ஊதினாள்.

அறை நிறைந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டுக் கேட்டு இவள் வெந்துபோன அதே சத்தம். படியில் இறங்கிக்கொண்டிருந்த மாணவி திரும்ப ஓடிவந்து வாசலில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் ஒத்திகையில் குச்சிக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"இத்தனை நாள் இதை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க? கண்ணை மூடினா பெரியவங்களே வந்து உக்காந்த மாதிரி இருக்கு."

வயலின்காரர்கள் எதிரே இருந்த தாள் தாங்கியை வில்லால் தட்டிப் பாராட்டினார்கள். நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். எரிந்தது. செத்த பிறகும் பாராட்டு பெரியவளுக்குத்தான் போகிறது. தன் வாயிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுத் தானே பொறாமைப்பட்டவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து, கிளாரினெட்டில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றிக் கழுவினாள். ஊதுகிறவர்களின் மேல்பல் நாளடைவில் அதில் தடம் பதித்துவிடும். அவளுடையது நேரான இரண்டு தடம். பக்கத்தில் புதிதாக ஒரு தடம், ஆழமாகவும் கோணலாகவும் விழுந்திருந்தது. பெரியவளுக்கு முன்பல் கோணல்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க."

கணவர் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ கடிச்சதுதான். எதுக்கு இப்படி அழுத்திக் கடிக்கிற? யார் மேல கோவம்?"

அவள் அதை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். அப்போதே முடிவு கட்டிவிட்டாள். நாற்காலி வேண்டும்தான். பெரியவள் போட்ட பிச்சையாக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மேடைக்குப் பின்னால், பெட்டியிலிருந்த சீவாளிகளை ஒவ்வொன்றாக ஒடித்துக் குப்பையில் போட்டாள். ஒவ்வொன்று ஒடியும்போதும், பக்கத்தில் யாரோ வலியில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பழைய மவுத்பீஸையும் கூடவே வீசிவிட்டு, புதியதை மாட்டி, தன் சொந்தச் சீவாளியைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினாள்.

இரண்டாவது நாற்காலிக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. அது காலியாகக் கிடந்தது. அவள் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அரங்கத்தில் விளக்குகள் அணைந்தன.

தனி வாசிப்பு வந்தது. ஊதினாள். சன்னமாக, சுத்தமாக, முழுக்க முழுக்கத் தன் சத்தம். குச்சிக்காரரின் புருவம் சுருங்கியது. சுருங்கட்டும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் அவள் அவளாகவே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷத்தில் நெஞ்சு விம்மியது.

அப்போது மடியில் ஒரு கனம் இறங்கியது.

பூனைக்குட்டியின் கனம் இல்லை. இடம் பார்த்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, நிதானமாக உட்காருகிற ஓர் ஆளின் கனம்.

தொடைகள் அமுங்கின. முகத்தில் ஈரத் தலைமுடி உரசியது. மூச்சு முட்டி, கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

வாசிப்பு நிற்கவில்லை.

கிளாரினெட் அவள் கையில் பக்கவாட்டில் தொங்கியது. சத்தம் மட்டும் அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால், காற்றில், போய்க்கொண்டே இருந்தது. அழகாகப் போனது. அந்த நிலையிலும் அவளுக்கு அதைக் கேட்கக் கேட்க எரிந்தது.

"எந்திரி" என்று கிசுகிசுத்தாள். "இது என் இடம்."

வாசிப்பு ஒரு நொடிகூடத் தடைப்படவில்லை. ஆனாலும் காதோரத்தில் பதில் வந்தது.

"உன் இடம் பக்கத்துல இருக்கு."

அவள் நகரப் பார்த்தாள். கால் அசையவில்லை.

கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கியது. பிறகு அரங்கம் முழுவதும் எழுந்து நின்று தட்டியது. குச்சிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனியாக வாசித்தவர் எழுந்து வணங்குவதற்காகக் கையை நீட்டினார்.

மடியிலிருந்த கனம் எழுந்தது.

சின்னவள் எழவில்லை. கால்கள் மரத்துப்போயிருந்தன. ஆனாலும் அவர் முகம் மலர்ந்தது. அவர் பார்த்தது இவளை இல்லை. இவள் தலைக்கு மேலே, எழுந்து நிற்கிற ஒருத்தியின் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ அங்கே பார்த்தார். முன்வரிசையில் அழுதுகொண்டே தட்டிய மாணவியின் கண்ணும் அங்கேதான் இருந்தது.

குச்சிக்காரர் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், அந்த உயரத்தைப் பார்த்தே சொன்னார்.

"இனிமே இந்த நாற்காலி உங்களுக்குத்தாம்மா."

கைதட்டல் மெல்ல ஓய்ந்தது. குழுவில் எல்லோரும் அடுத்த பகுதிக்குத் தாளைப் புரட்டினார்கள்.

கனம் திரும்பவும் உட்கார்ந்தது. இந்தத் தடவை நன்றாகச் சாய்ந்துகொண்டது.